தாத்தாவின் போர்க்கால லாக்புக்கை வரி வரியாக வாசிப்பது எப்படி: விமானப்படைச் சுருக்கங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒருவர் வீட்டில் விட்டுச்சென்ற காகிதங்களில் லாக்புக்குக்குத் தனி மதிப்பு உண்டு. கடிதங்களைத் தணிக்கை அதிகாரி படித்தார், அதனால் எழுதியவர் அடக்கித்தான் எழுதினார். லாக்புக்கில் ஒவ்வொரு பறத்தலும் நாள், விமானம், வேலை, நேரம் என்று பதிவாகி, மாதக் கடைசியில் மேலதிகாரியின் கையெழுத்தோடு நிற்கிறது. சிக்கல் ஒன்றுதான். முழு வாக்கியம் என்று அதில் எதுவுமே இருக்காது. ஒரு வரியில் நான்கு சுருக்கம், இரண்டு எண், ஒரு ஊர்ப்பெயர், அவ்வளவுதான்.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, இணையத்தில் ஒரு சுருக்கப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பொருத்துவது. அது ஓடாது. ‘ஏ/ஏ’ என்ற ஒரே குறி, பயிற்சிப் பள்ளியில் வானிலிருந்து வான் இலக்கைச் சுடும் பயிற்சி. போர்முனையில் எதிரியின் விமான எதிர்ப்புப் பீரங்கி. பொருளைத் தீர்மானிப்பது அது நிற்கும் கட்டமும், அந்த மாதம் அவர் இருந்த பிரிவும், ஓட்டிய விமானமும்தான். அதனால் இந்த வழிகாட்டி பட்டியலிலிருந்து தொடங்கவில்லை, கட்டங்களிலிருந்து தொடங்குகிறது.

இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டிஷ் ராயல் ஏர் ஃபோர்ஸ் முறை. இந்திய விமானப்படையும் அதே முறையைத்தான் பின்பற்றியது. (1945 மார்ச்சில் அதன் பெயருக்கு முன் ‘ராயல்’ சேர்ந்தது. எனவே ‘ஐ.ஏ.எஃப்.’, ‘ஆர்.ஐ.ஏ.எஃப்.’ இரண்டையும் ஒரே புத்தகத்தில் பார்க்கலாம்.) அமெரிக்கப் படைகளின் பதிவுமுறை வேறு. அதற்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது.

எந்தப் புத்தகம் என்று பாருங்கள்

அட்டையிலோ முதல் பக்கத்திலோ சிறிய எழுத்தில் படிவ எண் அச்சாகியிருக்கும். ஃபார்ம் 414 என்றால் பைலட்டின் புத்தகம். ஃபார்ம் 1767 என்றால் நேவிகேட்டர் (வழி கணிப்பவர்), குண்டு இலக்காளர், ஏர் கன்னர் (விமானத் துப்பாக்கியால் சுடுபவர்), ஃப்ளைட் இன்ஜினியர் போன்ற மற்ற விமானக் குழுவினருடையது. குடும்பத்தில் எல்லோரும் “தாத்தா பைலட்” என்றே சொல்லிவந்திருப்பார்கள், புத்தகம் 1767-ஆக இருக்கும். வருத்தப்பட ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் கடல்மேல் பறந்து திரும்பக் கரையைக் கண்டுபிடித்தது நேவிகேட்டர்தான்.

இரண்டுக்கும் கட்டங்கள் வேறு. 1767-இல் நாள், புறப்பட்ட நேரம், விமான வகையும் எண்ணும், பைலட்டின் பெயர், பணி, குறிப்பு, பகல் நேரம், இரவு நேரம் என்று எளிமையாக இருக்கும். 414 இரண்டு பக்கம் அகலத்துக்கு விரிந்து போகும்.

படம் எடுத்த பிறகே வாசிக்கத் தொடங்குங்கள்

மூலத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினால் தையல் விட்டுப்போகும். ஒருமுறை நன்றாகப் படமெடுத்துவிட்டுத் திரையில் வாசியுங்கள். ஃபார்ம் 414-ஐப் பக்கம் பக்கமாக எடுக்காதீர்கள். இடப்பக்கத்தில் நாளும் பணியும், வலப்பக்கத்தில் மணிக்கணக்கும் இருப்பதால், தனித்தனியாக எடுத்தால் எந்த நேரம் எந்த வரிக்கு என்று பிறகு தெரியாது. விரித்த இரு பக்கமும் ஒரே படத்தில் வர வேண்டும். ஒரு வெள்ளை ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துச் சில படங்கள் தனியே எடுத்துக்கொண்டால் வரி நழுவாது.

ஜன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சம் போதும். பென்சில் குறிப்பு மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் பிடியுங்கள், காகிதத்தில் அழுந்திய தடம் நிழலாகத் தெரியும். செல்லோ டேப், லேமினேஷன், கிழிந்த இடத்தில் ஃபெவிகால், இவை மூன்றும் கூடவே கூடாது. உள்ளே செருகியிருக்கும் துண்டுக் காகிதங்களை எந்தப் பக்கத்தில் இருந்தன என்று குறித்துக்கொண்ட பிறகே எடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையில் வேண்டாம். நிறம் ஒரு தகவல். இரவுப் பறத்தலைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். பிரிட்டனில் பாம்பர் கமாண்டில் (குண்டுவீச்சு விமானங்களின் தலைமைப் பிரிவு) பலர் பகல் நேரக் குண்டுவீச்சைப் பச்சையில் எழுதினார்கள். ஆனால் சிவப்பு மை எண்பது ஆண்டில் வெளுத்துப் பழுப்பாகிவிடும். நிறத்தை மட்டும் நம்பி “இது பகல்” என்று முடிவு கட்டாமல், மணிக்கணக்கு எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

மணிக்கணக்கு: இங்கேதான் முதல் வழுக்கல்

‘1.35’ என்றால் ஒன்றே கால் சொச்சம் என்றோ ஒரு மணியும் 35 சதவீதமும் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மணி 35 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிடம். பெரும்பாலும் ஐந்தின் மடங்காக இருக்கும், 59-ஐத் தாண்டாது. எக்செலில் அப்படியே போட்டுக் கூட்டினால் மொத்தக் கணக்கும் பிசகிவிடும். மணிக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்துப் போடுங்கள்.

ஃபார்ம் 414-இன் வலப்பக்கம்: ஒற்றை இன்ஜின் விமானத்துக்குப் பகல் டூயல், பகல் பைலட், இரவு டூயல், இரவு பைலட் என 1 முதல் 4 வரை. பல இன்ஜின் விமானத்துக்குப் பகலில் டூயல், முதல் பைலட், இரண்டாம் பைலட், இரவிலும் அதே மூன்று என 5 முதல் 10 வரை. பிறகு பயணியாகப் போன நேரம். கடைசியில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரம். ‘டூயல்’ என்றால் பயிற்சியாளர் உடனிருந்தார். பக்கத்தில் வரும் ‘கிராண்ட் டோட்டல்’ 1 முதல் 10 வரையிலான கூட்டல் மட்டும். பயணி நேரம் அதில் சேராது. கருவிப் பறத்தல் நேரம் ஏற்கெனவே முந்தைய கட்டங்களில் அடங்கியது. அதைத் திரும்பக் கூட்டினால் தாத்தா பறக்காத மணிகளையும் அவர் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். லிங்க் ட்ரெய்னர் என்ற தரைக்கூண்டில் பயின்ற நேரமும் இதில் வராது, அதைத் தனியே பின்பக்கத்தில் எழுதுவார்கள்.

இந்தக் கூட்டல், படிக்க முடியாத எண்ணைக் கண்டுபிடிக்கவும் உதவும். முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த மொத்தம் 212.40, இந்தப் பக்க அடியில் 228.15 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 15 மணி 35 நிமிடம். தெளிவாகத் தெரியும் வரிகளைக் கூட்டினால் 13.50 வருகிறது. அப்படியானால் மை கொட்டிய வரியில் இருப்பது 1.45-தான், 1.15 அல்ல. இந்த ஒரு வித்தை பல மாலைப்பொழுதுகளை மிச்சப்படுத்தும். எழுதியவரே கூட்டலில் தவறியிருக்கவும் கூடும். அப்போது சில பக்கம் தள்ளி வேறு கையெழுத்தில் திருத்தியிருப்பார்கள். ஒரு பக்கம் ஒத்துவராவிட்டால் உடனே கையை விடாமல் அடுத்த இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

நாளும் நேரமும்

ஆண்டைப் பக்கத்தின் மேலே ஒருமுறைதான் எழுதுவார்கள். டிசம்பர் ஒரு பக்கத்தின் நடுவில் முடிந்து ஜனவரி தொடங்கினால், மேலே பழைய ஆண்டே நிற்கும். இந்த இடத்தில் வழுக்கி ஓராண்டுப் பறத்தலைத் தவறான ஆண்டில் பதிவுசெய்த குடும்பங்கள் ஏராளம்.

இரவுப் பறத்தலுக்குப் பெரும்பாலும் புறப்பட்ட நாளையே எழுதினார்கள், இறங்கியது மறுநாள் விடியற்காலை. நேரத்தை ஒப்பிடும்போது இன்னொன்று: 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளி, கிரீன்விச்சைவிட ஆறரை மணி கூடுதலாக ஓடியது. வேறு ஆவணத்தில் நேரத்துக்குப் பின்னால் ‘இசட்’ எழுத்து இருந்தால் அது கிரீன்விச் நேரம். கூட்ட வேண்டியது ஐந்தரையா ஆறரையா என்பதை ஆண்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

பிரிவு மாறும் இடங்களில் கோடு போடுங்கள்

சுருக்கங்களைத் தொடும் முன் முழுப் புத்தகத்தையும் பிரிவு வாரியாகக் கூறு போடுங்கள். மாதக் கடைசியில் வரும் ‘சம்மரி’ முத்திரையில் பிரிவின் பெயர் இருக்கும், அதுவே எல்லைக்கல்.

இந்தியாவில் பயின்றவர் என்றால் வரிசை ஏறக்குறைய இப்படி: ஐ.டி.டபிள்யூ. (இனிஷியல் ட்ரெய்னிங் விங்) தரைப்பாடம்தான், பறத்தல் இல்லை. பிறகு இ.எஃப்.டி.எஸ்., அதாவது எலிமென்டரி ஃப்ளையிங் ட்ரெய்னிங் ஸ்கூல். முதலாவது ஹைதராபாத் பேகம்பேட்டிலும் இரண்டாவது ஜோத்பூரிலும் இருந்தன. விமானம் டைகர் மாத். அடுத்து எஸ்.எஃப்.டி.எஸ். (சர்வீஸ் ஃப்ளையிங் ட்ரெய்னிங் ஸ்கூல்), அம்பாலா. ஹார்வர்ட் விமானம் வந்துவிட்டால் இந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். அதன் முடிவில்தான் ‘விங்ஸ்’ (பைலட்டின் சிறகுச் சின்னம்) கிடைத்தது. பிறகு ஓ.டி.யூ. (ஆபரேஷனல் ட்ரெய்னிங் யூனிட்), உண்மையான போர் விமானத்தில் பயிற்சி, ‘151 ஓ.டி.யூ.’ பெயர் இந்தியப் புத்தகங்களில் அடிக்கடி வரும். பிறகுதான் ஸ்குவாட்ரன், அதாவது போரிடும் விமானப் பிரிவு.

பிரிட்டனில் பறந்தவர்களுக்கு இடையில் ஏ.எஃப்.யூ. (அட்வான்ஸ்ட் ஃப்ளையிங் யூனிட்), கனரக பாம்பருக்குப் போனவர்களுக்கு எச்.சி.யூ. (ஹெவி கன்வெர்ஷன் யூனிட்) வரும். நேவிகேட்டருக்கு ஏ.ஓ.எஸ்., கன்னருக்கு ஏ.ஜி.எஸ்.: ஏர் அப்சர்வர் ஸ்கூல், ஏர் கன்னரி ஸ்கூல்.

எழுத்துக்கு எழுத்து படி எடுங்கள், விரிக்காதீர்கள்

ஒரு அட்டவணை போடுங்கள்: பக்கம், வரி, நாள், மூலத்தில் உள்ளபடி, விரிவு, ஆதாரம், உறுதி. ‘மூலத்தில் உள்ளபடி’ கட்டத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள். எழுத்துப் பிழையையும் அப்படியே விடுங்கள். விரிவை வேறு கட்டத்தில் எழுதுங்கள். உறுதிக் கட்டத்தில் மூன்றே சொல்: உறுதி, ஊகம், தெரியவில்லை. மூலத்தையும் விரிவையும் கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எது தாத்தா எழுதியது, எது நீங்கள் எண்ணியது என்று உங்களுக்கே தெரியாது.

மேற்படிக் குறியில் கவனம் தேவை. இரட்டைக் கொக்கியோ, நம் பழைய அலுவலகக் கணக்குகளில் வரும் ‘-டோ-’வோ இருந்தால், அது விமான வகைக்கு மட்டுமா, எண்ணுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். ‘ஹரிகேன்’ என்பதற்கு அடியில் கொக்கி, எண் கட்டத்தில் புதிய எண் என்பதுதான் வழக்கம். எண் கட்டத்திலும் கொக்கி இருந்தால் அதே விமானத்தில் அன்று மீண்டும் போயிருக்கிறார்.

பயிற்சிக் காலச் சுருக்கங்கள்

தொடக்கப் பக்கங்களில் பணி கட்டத்தில் வெறும் எண்களாக இருக்கும்: ‘4, 5, 6, 7’. பலர் இதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அவை பயிற்சிப் பாடங்களின் வரிசை எண்கள். வானில் பழகுதல், நேராகவும் சமமாகவும் பறத்தல், ஏறுதல், திரும்புதல், காற்றை எதிர்த்து எழும்புதல், இறங்குதல், சுழற்சி, முதல் தனிப்பறத்தல் என்று ஒழுங்காகப் போகும். அந்தப் பட்டியல் லாக்புக்கின் முன்பக்கத்திலேயே அச்சிட்டோ ஒட்டியோ இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறியது. ஆகவே வேறெங்கோ கிடைத்த பட்டியலை வைக்காமல் அந்தப் புத்தகத்திலேயே உள்ளதைப் பயன்படுத்துங்கள். பைலட் கட்டத்தில் பயிற்சியாளர் பெயர் மறைந்து ‘செல்ஃப்’ என்றும், அடுத்த கட்டத்தில் ‘சோலோ’ என்றும் வரும் முதல் வரியைத் தேடுங்கள். நேரம் பத்து நிமிடமோ என்னவோதான் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் காட்ட வேண்டிய வரி அது.

பிறகு வருபவை:

- சி & பி, சி & எல்: சர்க்யூட்ஸ் அண்ட் பம்ப்ஸ், சர்க்யூட்ஸ் அண்ட் லேண்டிங்ஸ். விமானதளத்தைச் சுற்றிவந்து இறங்கி மறுபடி எழும்பும் பயிற்சி.
- எக்ஸ் கன்ட்ரி, அல்லது பெருக்கல் குறியோடு ‘கன்ட்ரி’: க்ராஸ் கன்ட்ரி. வழியில் உள்ள ஊர்ப்பெயர்கள் பக்கத்தில் இருக்கும்.
- ஐ.எஃப்.: இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங்.
- பி.எஃப்.எல்.: இன்ஜின் நின்றுபோனதுபோல் பாவித்து இறங்கும் பயிற்சி.
- சி.எஃப்.ஐ. டெஸ்ட்: தலைமைப் பயிற்சியாளர் வைத்த தேர்வு.
- ஏ/ஜி: வானிலிருந்து தரை இலக்கைச் சுடுதல். சாய்கோடு இல்லாமல் ‘ஏ.ஜி.’ என்று ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வந்தால் அது ஏர் கன்னர்.
- எச்.எல்.பி., எல்.எல்.பி.: உயரத்திலிருந்து, தாழ்விலிருந்து குண்டு போடும் பயிற்சி.
- எஃப்/ஏ: ஃபைட்டர் அஃபிலியேஷன். நம் தரப்புப் போர்விமானம் துரத்த, பாம்பர் தப்பிக்கப் பழகுவது.
- ஏ/டி: ஏர் டெஸ்ட். பழுது பார்த்த விமானத்தைச் சோதிப்பது.
- என்.எஃப்.டி.: நைட் ஃப்ளையிங் டெஸ்ட். இரவில் போகவிருக்கும் விமானத்தைப் பகலில் சோதிப்பது. பெயரில் ‘நைட்’ இருந்தாலும் நேரம் பகல் கட்டத்தில்தான் விழும். பலர் இதை இரவுப் பறத்தலாக எண்ணிவிடுகிறார்கள்.

‘க்யூ’வில் தொடங்கும் மூன்றெழுத்துகள் ரேடியோ குறிகள். க்யூ.டி.எம். என்றால் தளத்தை நோக்கிப் போகப் பிடிக்க வேண்டிய காந்தத் திசை. க்யூ.ஜி.எச். என்றால் தரையிலிருந்து வழிகாட்ட மேகத்துக்குள் இறங்குதல். எஸ்.பி.ஏ. (ஸ்டாண்டர்ட் பீம் அப்ரோச்) ரேடியோக் கற்றையைப் பிடித்துவந்து இறங்கும் முறை.

போர்முனைச் சுருக்கங்கள்

எல்லா இடத்துக்கும் பொதுவான இரண்டை முதலில் மனதில் இருத்துங்கள். டி.சி.ஓ. என்றால் ‘டியூட்டி கேரிட் அவுட்’, பணி முடிந்தது. டி.என்.சி.ஓ. என்றால் நடுவில் ஒரு ‘நாட்’, பணி முடியவில்லை. இரண்டாவதைப் பார்த்துக் குறைவாக எண்ண வேண்டாம். அதன் பக்கத்தில் காரணம் இருக்கும்: ‘வெதர்’, ‘10/10 க்ளவுட்’ (வானம் முழுக்க மேகம்), ‘ஆர்/டி யூ/எஸ்’ (குரல் ரேடியோ பழுது), ‘டபிள்யூ/டி யூ/எஸ்’ (தந்தி ரேடியோ பழுது). யூ/எஸ் என்பது ‘அன்சர்வீசபிள்’. அதை அமெரிக்கா என்று வாசித்துவிடாதீர்கள். பர்மாவின் அரக்கான் மலைகளின் மேல் பருவமழையில் பாதி வழியில் திரும்புவது, இலக்கை எட்டுவதற்குச் சற்றும் குறையாத ஆபத்து.

பர்மா முனையில் இந்திய ஸ்குவாட்ரன்கள் பெரும்பாலும் செய்தது தரைப்படைக்குக் கண்ணாக இருப்பது. அதனால் ‘டாக்/ஆர்’ என்ற சுருக்கம் பக்கம் பக்கமாக வரும். டாக்டிகல் ரெக்கனைசன்ஸ், அதாவது தாழப் பறந்து எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்துவருவது. ‘ஆர்ட்டி/ஆர்’ பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து சொல்வது. படமெடுக்கும் பறத்தலில் ‘வெர்ட்’ என்றால் நேர் கீழே, ‘ஆப்’ என்றால் சாய்வாக எடுத்த படம். எம்.டி. மோட்டார் வண்டி, எல்.ஏ.ஏ. இலகுரக விமான எதிர்ப்புப் பீரங்கி, ‘பாஷா’ மூங்கிலும் ஓலையும் வேய்ந்த குடிசை, ‘சம்பான்’ ஆற்றுப் படகு. ‘நில் சைட்டட்’, சில சமயம் வெறும் ‘நில்’, எதுவும் தென்படவில்லை.

வெஞ்சென்ஸ் விமானம் ஓட்டிய 7, 8-ஆம் ஸ்குவாட்ரன்காரர் புத்தகத்தில் டி/பி (டைவ் பாமிங்) வரும். பக்கத்தில் ‘2 x 500, 2 x 250’ போன்ற எண்கள் குண்டுகளின் எண்ணிக்கையும் பவுண்டு எடையும். முதல் எண் எண்ணிக்கை, இரண்டாவது எடை. மாற்றிப் படித்தால் ஐந்நூறு குண்டு போட்டதாக ஆகிவிடும்.

கடல்மேல் பறந்தவர்கள் கதை வேறு. சென்னைக்குப் பக்கத்திலேயே ‘ரெட்ஹில்ஸ் லேக்’ என்று ஒரு தளம் இருந்தது. நம் புழல் ஏரிதான். ராயல் ஏர் ஃபோர்ஸின் 240-ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினா நீர்விமானங்கள் அந்தத் தண்ணீரிலிருந்து எழும்பின. இலங்கையில் கொக்கலயும் திருகோணமலைப் பக்கத்துச் சைனா பேயும் அதேபோன்ற தளங்கள். இவர்கள் புத்தகத்தில் ஒரு பறத்தலுக்கு 14.20, 16.05 என்று பார்த்தால் மிரள வேண்டாம், கேட்டலினா அவ்வளவு நேரம் பறக்கும். ஏ/எஸ் என்றால் நீர்மூழ்கித் தேடல். ‘கான்வாய் எஸ்கார்ட்’ பக்கத்தில் ‘மெட்’ என்றால் கப்பல் அணியைச் சந்தித்தார்கள், ‘நாட் மெட்’ என்றால் தேடியும் கிடைக்கவில்லை. சி.எல்.ஏ. (க்ரீப்பிங் லைன் அஹெட்) கடலைக் குறுக்கும் நெடுக்குமாக உழுவதுபோல் தேடும் முறை. பி.எல்.இ. (ப்ரூடன்ட் லிமிட் ஆஃப் எண்டூரன்ஸ்) என்பது எரிபொருளை எண்ணித் திரும்பியே ஆக வேண்டிய எல்லை.

1940-இல் 24 இந்திய பைலட்டுகள் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களைப் போல ஐரோப்பாவில் பறந்தவர் புத்தகத்தில் வரும் சொற்கள் சுருக்கங்கள் அல்ல, மறைபெயர்கள். ‘ரூபர்ப்’ மேகத்தில் மறைந்து போய்த் தரை இலக்கைத் தாக்குவது. ‘சர்க்கஸ்’ சில பாம்பர்களைத் தூண்டிலாக வைத்து எதிரிப் போர்விமானங்களை மேலே வரவழைப்பது. ‘ராம்ராட்’ இலக்கை அழிப்பதையே நோக்கமாகக் கொண்ட பாம்பர்களுக்குக் காவல். பாம்பர் கமாண்டில் ‘கார்டனிங்’ கடலில் கண்ணிவெடி போடுவது, ‘நிக்கல்’ துண்டறிக்கை வீசுவது. இலக்கின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஓடும் எண் அவரது எத்தனையாவது தாக்குதல் என்பது. முப்பது முடிந்தால் ஒரு ‘டூர்’ (போர்ப்பணிச் சுற்று). 1944 வசந்தத்தில் கொஞ்ச காலம் பிரான்ஸ் இலக்குகளை மூன்றில் ஒரு பங்காகத்தான் எண்ணினார்கள். எண்ணில் ⅓ இருந்தால் அதுதான் காரணம். அங்கே உயிரைப் பணயம் வைத்துப் போனவர்கள் இந்தக் கணக்கை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வரியை அவிழ்ப்போம்

மாதிரிக்காக அமைத்த வரி இது: ‘12 — ஹரிகேன் II — எஃப் — செல்ஃப் — டாக்/ஆர் டிடிம் ரோடு. 2 எம்.டி. எல்.ஏ.ஏ. வீவர் எஃப்/ஓ ... டி.சி.ஓ.’ வலப்பக்கத்தில் இரண்டாம் கட்டத்தில் 1.35.

இரண்டாம் கட்டம் ஒற்றை இன்ஜின், பகல், பைலட். ஆகவே பகலில் தனியே ஓட்டியிருக்கிறார். ‘எஃப்’ விமானத்தின் பதிவெண் அல்ல, ஸ்குவாட்ரனுக்குள் அதன் அழைப்பெழுத்து. ‘டிடிம் ரோடு’ இம்பாலிலிருந்து தெற்கே போகும் சாலை. இந்த வேலையை இரண்டு விமானம் சேர்ந்து செய்யும். முன்னே போகும் தலைவர் தரையைப் பார்ப்பார். பின்னால் வளைந்து வளைந்து வரும் ‘வீவர்’ வானத்தைப் பார்த்துக் காவல் காப்பார். வீவராக வேறொருவர் பெயர் (‘எஃப்/ஓ’ அவர் பதவி) இருப்பதால் அன்று நம்மவர்தான் தலைவர், தரையைப் பார்த்தது அவர் கண். சாலையில் இரண்டு மோட்டார் வண்டி கண்டார், கீழிருந்து சுட்டார்கள், வேலையை முடித்துத் திரும்பினார். இத்தனையும் ஒரு வரிக்குள். இன்னொரு நாள் ‘வீவர் டு எஸ்/எல்.டி.ஆர். ...’ என்று இருந்தால் காவல் காத்தது அவர்.

விமான எண்

பிரிட்டிஷ் பதிவெண் இரண்டே வடிவம். பழையது ஓரெழுத்தும் நான்கு இலக்கமும், 1000-த்திலிருந்து. பிறகு வந்தது ஈரெழுத்தும் மூன்று இலக்கமும், 100-இலிருந்து. எனவே ஈரெழுத்துக்குப் பின் சுழியத்தில் தொடங்கும் எண்ணைப் படித்தால் தவறாகப் படித்திருக்கிறீர்கள், 6 அல்லது 8-ஆக இருக்கும். ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்பதால் ‘ஐ’, ‘ஓ’ எழுத்துகளைப் பயன்படுத்தவில்லை. ‘ஓ’ போலத் தெரிந்தால் ஆங்கில ‘டி’யாக வாசித்துப் பாருங்கள்.

ஓரெழுத்து மட்டும் இருந்தால் அழைப்பெழுத்து. அந்த விமானம் விழுந்துபோனால் அதே எழுத்தைப் புது விமானத்துக்குக் கொடுப்பார்கள். மார்ச் மாத ‘எஃப்’பும் ஜூன் மாத ‘எஃப்’பும் ஒன்றே என்று முடிவுகட்டக் கூடாது.

பெயர்களும் பதவிகளும்

பி/ஓ என்பது ‘பைலட் ஆபீசர்’. அது பதவியின் பெயர், ஓட்டத் தெரியும் என்பதற்குச் சான்று அல்ல. கன்னரும் பைலட் ஆபீசராக இருக்கலாம். அதற்கு மேலே எஃப்/ஓ ஃப்ளையிங் ஆபீசர், எஃப்/எல்.டி. ஃப்ளைட் லெப்டினன்ட், எஸ்/எல்.டி.ஆர். ஸ்குவாட்ரன் லீடர், டபிள்யூ/சி.டி.ஆர். விங் கமாண்டர். ஒருவரின் பதவி உயர்வு தேதியை, அவர் பெயருக்கு முன்னாலுள்ள சுருக்கம் மாறும் பக்கத்தை வைத்து நெருங்கிப் பிடிக்கலாம். ஓ.சி. என்பது பொறுப்பதிகாரி. மாத ‘சம்மரி’யில் இரண்டு கையெழுத்து இருந்தால் ஒன்று ‘ஏ’ அல்லது ‘பி’ ஃப்ளைட்டின் (ஸ்குவாட்ரனின் ஒரு கூறு) ஓ.சி., மற்றது ஸ்குவாட்ரனின் ஓ.சி. கையெழுத்தைப் படிக்க முடிந்தால் பிரிவே உறுதியாகிவிடும். 1944-இல் இம்பாலில் 1-ஆம் ஸ்குவாட்ரன் பக்கங்களில், அப்போது அதற்குத் தலைமை தாங்கிய அர்ஜன் சிங்கின் கையெழுத்தை எதிர்பார்க்கலாம்.

ஆண்டிறுதியிலோ பிரிவு மாறும்போதோ ஒட்டப்படும் மதிப்பீட்டுத் தாள் ஃபார்ம் 414ஏ. அதில் ‘ஆவரேஜ்’ என்று இருந்தால் மனம் தளராதீர்கள். அந்தப் படையில் ஆவரேஜ் என்பது முழுத் தேர்ச்சி. ‘அபவ் ஆவரேஜ்’ அரிது, ‘எக்ஸெப்ஷனல்’ மிக அரிது. கவனிக்க வேண்டிய குறைகள் என்ற இடத்தில் ‘நில்’ இருந்தால் குறை ஏதுமில்லை.

வெளியே சரிபார்ப்பது

ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் ஆபரேஷன்ஸ் ரெக்கார்ட் புக் எழுதியது. ஃபார்ம் 540 நாள்வாரிச் சுருக்கம். ஃபார்ம் 541-இல் விமான எண், குழுவினர், எழும்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்தது எல்லாம் இருக்கும். ராயல் ஏர் ஃபோர்ஸ் ஸ்குவாட்ரன்களின் புத்தகங்கள் லண்டன் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையில், தளங்களுடையவை ‘ஏர் 28’-இல், பயிற்சிப் பிரிவுகள் போன்றவை ‘ஏர் 29’-இல் உள்ளன. இந்திய ஸ்குவாட்ரனைத் தேடி வழி அடைபட்டால், அதே மாதம் அதே தளத்தைப் பகிர்ந்த பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனின் பக்கத்தைப் புரட்டுங்கள். வானிலை, தாக்குதல், இறங்கும்போது நேர்ந்த விபத்து எல்லாம் அங்கும் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு பதிவும் ஐந்து பத்து நிமிடம் வேறுபடுவது இயல்பு. நாளே வேறுபட்டால், நள்ளிரவைத் தாண்டிய பறத்தலா என்று முதலில் பாருங்கள். லாக்புக்கை அன்றன்றே எழுதாமல் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியவர்களும் உண்டு. தொடர்ந்து இருபது வரி ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் அப்படித்தான். அத்தகைய பக்கத்தில் நாள் முன்பின் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், 541-ஐ நம்புங்கள்.

கடைசிப் பக்கம்

பதிவுகள் நடுவில் நின்று, அடுத்த வரி வேறொருவர் கையெழுத்தில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள். எஃப்.டி.ஆர். என்றால் ‘ஃபெய்ல்ட் டு ரிட்டர்ன்’, திரும்பவில்லை. ‘டெத் ப்ரிசூம்ட்’ என்ற ரப்பர் முத்திரை, இறந்ததாகக் கொள்ளப்பட்டது என்று பொருள். அந்தக் கடைசிப் பறத்தலுக்கு நேரக் கட்டம் காலியாக இருக்கலாம், அல்லது எழுத்தர் ஓர் எண்ணை நிரப்பியிருக்கலாம். மொத்தக் கணக்கில் அது சேர்ந்திருக்கிறதா என்பதை முன்சொன்ன கழித்தல் முறையிலேயே பாருங்கள். சேராமல் இருந்தால் உங்கள் அட்டவணையிலும் சேர்க்காமல், நேரம் தெரியாத பறத்தல் என்று தனி வரியாகவே விடுங்கள். அதே ஃபார்ம் 541-இல் இறங்கிய நேரக் கட்டம் காலியாகவும், எழும்பிய நேரம் நிமிடம் வரை துல்லியமாகவும் இருக்கும். அந்த எழும்பிய நேரத்தை உங்கள் அட்டவணையில் எழுதிவையுங்கள்.